ரோல் பிளேயிங் கேம்களில் வரும் நல்லவன்–கெட்டவன் தேர்வுகள் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா?

மீட்டர் வைத்துப் புள்ளி போடும் வகையைக் கேட்கிறீர்கள் என்றால், என்னிடம் அது வேலை செய்யவில்லை. அதைக் கண்டுபிடித்ததுகூட நான் இல்லை, என் தம்பி.

மாஸ் எஃபெக்ட் 2 (2010) விளையாடிக்கொண்டிருந்தேன். அதில் யாரோடு பேசினாலும் திரையில் ஒரு சக்கரம் வரும். வலப்பக்கம் மேலே இருப்பது தன்மையான பதில், கீழே இருப்பது முரட்டுப் பதில். முதலாவதற்கு பாராகன் புள்ளி ஏறும், இரண்டாவதற்கு ரெனிகேட் புள்ளி ஏறும். பின்னால் முறுக்கு கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த தம்பி, "அண்ணா, இப்ப அந்த ஆள் என்ன கேட்டான்?" என்றான். எனக்குத் தெரியவில்லை. "நீ படிக்கவே இல்ல. மேல இருக்கறத அமுக்கிட்டே இருக்க" என்றான். உண்மைதான். ஒரு வாரமாக அண்டத்தைக் காப்பாற்றும் உத்தமனாக இருந்திருக்கிறேன், யாரையும் எதற்காகக் காப்பாற்றினேன் என்று கவனிக்காமலே.

சோம்பேறித்தனம் என்று என்னைத் திட்டலாம். ஆனால் கேமே அப்படித்தான் பழக்குகிறது. இடப்பக்கத்தில் நீலத்திலும் சிவப்பிலும் சில சிறப்புப் பதில்கள் வரும். அவை திறக்க வேண்டுமானால், அதுவரை கிடைத்திருக்கக்கூடிய புள்ளிகளில் பெரும்பங்கை ஒரே பக்கம் சேர்த்திருக்க வேண்டும். இடத்துக்குத் தகுந்த மாதிரி ஒருமுறை இரக்கம், ஒருமுறை கண்டிப்பு என்று நடந்தால் இரண்டும் கெட்டான் ஆகிவிடுவோம். பிறகு கப்பலில் நம் குழுவைச் சேர்ந்த மிராண்டா, ஜாக் என்ற இரு பெண்கள் சண்டை போடும்போது இருவரையும் சமாதானப்படுத்தும் பதில் பூட்டிக் கிடக்கும். ஒருத்தி பக்கம் நின்றால் மற்றவளின் விசுவாசம் போகும், அது கடைசி மிஷனில் உயிருக்கே உலை வைக்கலாம். யோசித்து நடப்பவனுக்கு அபராதம், கண்ணை மூடிக்கொண்டு ஒரே பட்டனை அழுத்துபவனுக்குப் பரிசு!

இத்தனைக்கும் அந்த கேமில் என் கை தானாக நடுங்கிய இடம் ஒன்று உண்டு. இல்லியம் கிரகத்தில் உயரமான கட்டடம், கண்ணாடி ஜன்னலை ஒட்டி ஒரு கூலிப்படைக்காரன். பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு குறி மின்னும். அழுத்தினால் அவனைக் கண்ணாடியோடு சேர்த்து வெளியே தள்ளிவிடலாம். ஒன்றிரண்டு நொடிதான் அவகாசம். உத்தமனாக வாழ்ந்துகொண்டிருந்த நான் தள்ளிவிட்டேன். புள்ளியை எண்ண நேரம் இல்லாததால்தான் தள்ளினேன் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் முடிவெடுத்தது நான், மீட்டர் இல்லை.

இந்த வரிசை கேம்களை உருவாக்கிய பயோவேர் நிறுவனத்தில் வேலை பார்த்த வடிவமைப்பாளர் ஒருவர், விளையாடியவர்களில் ஏறக்குறைய 92 சதவீதம் பேர் பாராகன் வழியில்தான் போனார்கள் என்று 2020இல் ட்விட்டரில் எழுதினார். ரெனிகேட் பக்கத்துக்கும் எவ்வளவோ உழைத்தோமே என்ற வருத்தம் அதில் இருந்தது. மனிதர்கள் அவ்வளவு நல்லவர்கள் என்று சந்தோஷப்படலாம். எனக்கென்னவோ பாதிப் பேர் என்னைப் போல மேல் பட்டனை அழுத்தியவர்கள் என்றுதான் சந்தேகம்.

பயோஷாக் (2007) ஷூட்டர் வகை, ஆனாலும் இங்கே சொல்லியே ஆக வேண்டும். அதில் சிறப்புச் சக்திகள் வாங்க ஆடம் என்ற சத்து வேண்டும், அது சில சிறுமிகளின் உடலில் இருக்கும். சிறுமியைக் கொன்று சத்தை உறிஞ்சினால் 160 ஆடம், காப்பாற்றினால் 80. கேட்க பயங்கரமான சோதனை. ஆனால் மூன்று சிறுமிகளைக் காப்பாற்றினால் 200 ஆடத்தோடு ஒரு பரிசுப் பெட்டியும் வருகிறது. மூவரைக் கொன்றால் 480, காப்பாற்றினால் 440. நாற்பதுக்காகக் குழந்தையைக் கொல்வாயா என்பது கேள்வியே இல்லை. தியாகம் செய்த பேரும் கிடைக்கிறது, கைக்காசும் போகவில்லை. ஃபால்அவுட் 3 (2008) இதையும் தாண்டிவிட்டது. மெகாடன் என்ற ஊரையே அணுகுண்டு வைத்துத் தூக்கிவிட்டு, ரிவெட் சிட்டி வாசலில் தாகத்தோடு உட்கார்ந்திருக்கும் பிச்சைக்காரனுக்குச் சுத்தமான தண்ணீர் பாட்டில்களைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் கர்மா, அதாவது அந்த கேமின் பாவ புண்ணியக் கணக்கு, திரும்ப ஏறிவிடும். சித்திரகுப்தன் கணக்குப் புத்தகத்தை நம் கையிலேயே கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

அந்தப் புத்தகத்தை ஒளித்து வைத்த கேமும் இருக்கிறது, 1985லேயே. ரிச்சர்ட் கேரியட்டின் அல்டிமா 4. கடைசியில் கொல்ல வேண்டிய வில்லன் என்று யாரும் கிடையாது. எட்டு நற்குணங்களில் தேறி 'அவதார்' ஆவதுதான் ஆட்டம். ஆம், நம் ஊர் அவதாரம்தான். அதில் பார்வையற்ற மூலிகை வியாபாரி ஒருவர் வருவார். விலை சொல்லுவார், எவ்வளவு தருகிறாய் என்று கேட்பார், நாம் எண்ணை டைப் செய்ய வேண்டும். குறைத்துக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. மணி அடிக்காது, சிவப்பு எழுத்து வராது, மூலிகை பைக்குள் வந்துவிடும். நேர்மை முதலான குணங்கள் மட்டும் உள்ளுக்குள் சத்தமில்லாமல் குறையும். இலவசமாகக் கிடைக்கிறதே என்று மிகத் தாமதமாகத்தான் அதை இறக்கி விளையாடினேன். கோட்டையில் இருக்கும் ஹாக்விண்ட் என்ற ஞானியிடம் போய்க் கேட்டபோதுதான் என் லட்சணம் தெரிந்தது. படங்கள் பழசு, நடைமுறை கஷ்டம், பாதியில் விட்டுவிட்டேன். ஆனால் அந்த வியாபாரியை மறக்க முடியவில்லை.

மீட்டரே இல்லாமல் என்னைச் சாய்த்தது விட்சர் 3 (2015). வெலன் பகுதியில் ஒரு பழைய மரத்துக்கடியில் ஆவி ஒன்று சிறைப்பட்டிருக்கும். சதுப்பு நிலத்துச் சூனியக்காரிகளிடம் சிக்கிய அநாதைக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறேன், என்னை விடுவி என்று அது கெஞ்சும். விடுவித்தேன். சொன்னபடி குழந்தைகள் பிழைத்தார்கள். ஆனால் டவுன்வாரன் கிராமத்தை அது நாசமாக்கியது. குழந்தைகள் தப்பியதற்கான தண்டனை அவர்களைப் பார்த்துக்கொண்ட ஆன்னா மேல் விழுந்தது, அவள் செத்துப்போனாள். அவள் கணவனான பிரபு மரத்தில் தூக்கில் தொங்கக் கண்டபோது, முன்பு சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பலாம் என்றால் அது எங்கேயோ இருந்தது. இந்தத் தாமதம்தான் சூட்சுமம். விளைவு உடனே தெரிந்தால் சேமித்ததை லோட் செய்து முடிவை மாற்றிவிடுவோம்.

தம்பி இதையும் ஒத்துக்கொள்ளவில்லை. "எதைச் செஞ்சாலும் யாராவது சாகறாங்க. முன்னாடியே எதுவும் தெரியாது. இது லாட்டரிச் சீட்டு, தேர்வு இல்ல." அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆவியை நம்பலாமா கூடாதா என்பதற்கு எனக்குக் கிடைத்த தடயங்கள் சொற்பம். அந்த விதத்தில் எந்தக் கூட்டத்துக்கு என்ன செய்தோமோ அந்தக் கூட்டம் மட்டும் நினைவு வைத்துக்கொள்ளும் ஃபால்அவுட்: நியூ வேகஸ் (2010) இன்னும் நேர்மையானது. அதிலும் கர்மா உண்டு, ஆனால் அதை யார் சட்டை செய்கிறார்கள்?

விட்சரை இரண்டாம் முறை ஆடினேன், எல்லாம் தெரிந்தே. பிரபுவைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அந்த ஆவியைக் கொல்ல வேண்டும், குழந்தைகள் போவார்கள். மரத்தடிக்குப் போனேன். குழந்தைகளைக் காப்பாற்றுகிறேன் என்று அது பேச ஆரம்பித்ததும் ஸ்கிப் பட்டனை அழுத்தினேன்.