புதையலும் காதலும் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடுகிற சின்ன வாசகர் வட்டம் எங்களுடையது. வழக்கமாகத் தமிழ் நாவல்களைத்தான் பேசுவோம். ஒரு மாறுதலுக்காக இந்த முறை அமெரிக்க எழுத்தாளர் நோரா ராபர்ட்ஸின் ‘தி ரீஃப்’ எடுத்துக்கொண்டோம். நீங்கள் ஒருமுறை பேச்சுவாக்கில் குறிப்பிட்ட நாவல்தான். 1998இல் வந்தது. கரீபியன் கடலில் மூழ்கிப்போன ஸ்பானியக் கப்பல், சாபம் பிடித்த ஒரு கழுத்துநகை, அதைத் தேடி இறங்கும் இரண்டு குடும்பங்கள். ஒரு குடும்பத்தின் பெண் டேட், கடல் தொல்லியல் படிக்க ஆசைப்படுகிறவள். இன்னொரு குடும்பத்தின் பையன் மாத்யூ, பரம்பரையாகப் புதையல் தேடுகிறவன். வில்லன், காதல் எல்லாம் உண்டு.

கூட்டம் சண்டையில் முடிந்தது. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், “கப்பலைத் தேடுகிற கதை அருமை, நடுவில் இந்தக் காதல் வந்து கழுத்தை அறுக்கிறது” என்றார். எங்கள் டீச்சர் நேர்மாறாக, “காதல்தான் கதை. ஆக்ஸிஜன் சிலிண்டரும் மணல் தோண்டுவதும் எனக்கு எதற்கு? அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டேன்” என்றார். கல்லூரி மாணவி ஒருத்திக்கு மாத்யூ மேல் தீராத கோபம். டேட்டின் நல்லதுக்கு என்று அவனே முடிவு செய்து அவளோடு உறவை வெட்டிவிடுகிறான், எட்டு வருடம் கழித்து வந்து நிற்கிறான், இதை எப்படி மன்னிப்பது என்றாள். இன்னொருவர் சாபக் கதையும் வில்லனும் சிரிப்பு மூட்டுவதாகச் சொன்னார். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அங்கே அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஒரே நாவலைப் பற்றி இத்தனை கருத்துகள் எப்படி வருகின்றன? இதில் யார் சொல்வது சரி? இந்த மாதிரிப் புதையல்கள் நிஜத்தில் கிடைக்குமா என்று வங்கிக்காரர் கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
எம்.

*

அன்புள்ள எம்.,

முதலில் டீச்சரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். முக்குளிப்பவர்கள் முதுகில் மாட்டிக்கொள்வது ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லை. நாம் மூச்சு விடுகிற சாதாரணக் காற்றைத்தான் அழுத்தி அடைத்திருப்பார்கள். சுத்தமான ஆக்ஸிஜனோடு ஆறேழு மீட்டருக்குக் கீழே போனால் அதுவே நஞ்சாகி வலிப்பு வந்துவிடும். நம் ஊர் செய்தித்தாள்கள் எல்லாம் ஆக்ஸிஜன் என்றே எழுதுகின்றன, அதனால் டீச்சரைக் குறை சொல்ல முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வட்டத்தின் சண்டையில் பாதிக்கு மேல் நாவலைப் பற்றியதே இல்லை என்று நினைக்கிறேன். நம் மாத நாவல் காலத்தை நினைத்துப் பாருங்கள். பஸ் ஸ்டாண்ட் கடையில் குடும்ப நாவல்கள் ஒரு வரிசை, கிரைம் நாவல்கள் ஒரு வரிசை என்று தொங்கும். அட்டையைப் பார்த்தே எது எது என்று தெரிந்துவிடும். ஒரு வீட்டில் இரண்டும் வாங்கினாலும் படிக்கிறவர்கள் வேறு. இப்படிப் பழகியவர்கள் கையில், இரண்டையும் ஒரே அட்டைக்குள் வைத்துத் தைத்த புத்தகத்தைக் கொடுத்தால், ஒவ்வொருவரும் தன் வரிசையைத் தேடிக்கொண்டு மற்றதைத் தள்ளத்தான் செய்வார்கள். வங்கிக்காரரும் டீச்சரும் செய்தது அதுதான். அமெரிக்காவில் ரொமான்டிக் சஸ்பென்ஸ், அதாவது காதலும் திகிலும் கலந்த கதை, தனி வகையாகவே நிலைத்துவிட்டது. இருவரும் கடைசியில் சேர்வார்கள் என்பது வாசகருக்கு முதல் பக்கத்திலேயே தெரியும், தெரிந்துதான் வாங்குகிறார். அதனால் ‘சேர்வார்களா’ என்ற கேள்வியில் பதற்றம் கிடையாது. அதற்குள் யார் சாவார்கள், எதை இழப்பார்கள் என்பதில்தான் பதற்றம் எல்லாம்.

இந்த வகை நாவலை எடைபோட எனக்கு ஒரு வழி உண்டு. புதையலை எடுத்துவிட்டுக் காதலை மட்டும் வைத்துப் பார்ப்பேன். காதல் அப்படியே நின்றால் புதையல் வெறும் சீன் செட்டிங். புதையல் போனதும் காதலும் சரிந்தால் ஆசிரியர் தன் வேலையைச் செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

‘தி ரீஃப்’ நாவலின் முதல் பகுதியில் இப்படிப் புதையலை எடுத்தால் காதல் சரிகிறது. அதனால்தான் எனக்கு அந்தப் பகுதி பிடிக்கும். டேட்டும் மாத்யூவும் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று திரும்பப் பாருங்கள். கிடைத்த பொருள் கடலடியில் எந்த இடத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று வரைந்து குறித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்கிறவள் அவள். அவனுக்கு அது சாப்பாடு. அவன் அப்பா இதே தொழிலில், இதே வில்லனால் செத்தவர். பார்ப்பதற்குக் காதலர் ஊடல் மாதிரி இருக்கும், ஆனால் கடலடித் தொழிலில் பல வருடங்களாக ஓயாத ஒரு சண்டைதான் அங்கே இரண்டு பேர் வாயால் நடக்கிறது.

வங்கிக்காரர் கேட்டதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. கிடைக்கும், கிடைத்திருக்கிறது. 1622 செப்டம்பரில் ஃபுளோரிடா தீவுகளுக்குப் பக்கத்தில் ‘நுயெஸ்த்ரா செஞோரா தே அதோச்சா’ என்ற ஸ்பானியக் கப்பல் புயலில் மூழ்கியது. கப்பலில் இருந்த 265 பேரில் தப்பியவர்கள் ஐந்தே பேர். அதை மெல் ஃபிஷர் என்பவர் 1969இலிருந்து பதினாறு வருடம் தேடினார். 1975 ஜூலையில் அவருடைய மூத்த மகன் டர்க் அந்தக் கப்பலின் வெண்கலப் பீரங்கிகளைக் கண்டுபிடித்தார். ஒரே வாரத்தில், ஜூலை 20 அன்று, இரவில் அவர்களுடைய படகு கவிழ்ந்து டர்க்கும் அவர் மனைவியும் இன்னொரு முக்குளிப்பவரும் இறந்துபோனார்கள். அதன் பிறகும் குடும்பம் தேடலை விடவில்லை. பத்து வருடம் கழித்து, அதே ஜூலை 20ஆம் தேதி, 1985இல், இன்னொரு மகன் கேன் ஓட்டிய படகின் ஆட்கள் வெள்ளிப் பாளங்களின் குவியலைக் கண்டார்கள். சுமார் 17 மீட்டர் ஆழம். மதிப்பு 40 கோடி டாலர் என்று அப்போது சொன்னார்கள்.

நாவலில் சாபத்தைப் பார்த்துச் சிரித்த நண்பரிடம் இந்தத் தேதியைச் சொல்லிப் பாருங்கள். எனக்குச் சாபத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் பத்து வருடம் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த ஒரு குடும்பத்துக்கு அந்தத் தேதி வெறும் எண்ணாக இருந்திருக்காது. சூனியக்காரி என்று பழி சுமத்தி எரிக்கப்பட்ட பெண்ணின் நகை, அதைத் தொட்டவர்களுக்கெல்லாம் கேடு என்ற கதையை நாவலுக்குள் வைத்ததில் தப்பில்லை. பணம் போட்டு, உயிர் கொடுத்துத் தேடுகிறவர்களிடம் இந்த மாதிரி நம்பிக்கைகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். வில்லன் விஷயத்தில் மட்டும் நானும் அவர் பக்கம். பணக்காரன், நகை மேல் பித்து, ஆரம்பத்திலேயே கொலைகாரன் என்று தெரிந்துவிடுகிறது. அப்புறம் அவனிடம் கண்டுபிடிக்க என்ன மிச்சம்? அவன் வருகிற பக்கங்களில் நான் டீ போடப் போய்விடுவேன்.

டீச்சர் தள்ளிவிட்ட மணல் தோண்டும் பக்கங்களுக்கு வருகிறேன். மெல் ஃபிஷரின் ஆட்கள் ‘மெயில் பாக்ஸ்’ என்று ஒன்றைப் பயன்படுத்தினார்கள். படகின் பின்னால் இரண்டு பெரிய வளைந்த குழாய்கள். அவற்றை இறக்கிப் படகைத் தள்ளும் விசிறிக்கு நேராகப் பொருத்தினால், இன்ஜின் தள்ளுகிற தண்ணீர் பின்னால் போகாமல் நேராகக் கீழே அடிக்கும். சில நிமிடத்தில் கடலடி மணலில் பெரிய குழி விழுந்துவிடும். தொல்லியலாளர்களுக்கு இதைக் கண்டால் வயிறு எரியும். ஒரு நாணயம் எந்த மரத்துண்டின் கீழே கிடந்தது, அந்தப் பெட்டி கப்பலின் எந்தப் பக்கம் இருந்தது என்ற செய்தியெல்லாம் அந்த ஒரே அடியில் கலைந்துவிடும்.

கிடைக்கிற பொருளும் சினிமாவில் வருகிற மாதிரி இருக்காது. தங்கத்தை மட்டும் கடல் ஒன்றும் செய்வதில்லை. முந்நூறு நானூறு வருடம் கழித்தும் நேற்றுக் கடையில் வாங்கியது போலப் பளபளவென்று வரும். வெள்ளி கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, கரிக்கட்டி மாதிரி வரும். விவரம் தெரியாதவன் தூக்கி எறிந்துவிடுவான். இரும்பு இன்னும் விசித்திரம். அதைச் சுற்றிச் சுண்ணாம்பும் மணலும் கெட்டியாகப் படிந்துவிடும், உள்ளே இருக்கும் இரும்பு காலப்போக்கில் கரைந்தே போய்விடும். தொல்லியலாளர்கள் அந்தக் கட்டியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, உள்ளே உள்ள பொந்தில் பிசின் ஊற்றி, இறுகியதும் மேலோட்டை உடைத்து எடுக்கிறார்கள். கத்தியோ ஆணியோ என்னவாக இருந்ததோ அதன் உருவம் மட்டும் கையில் வரும். விற்பனைக்கு ஒரு பைசா பெறாது. டேட் மாதிரி ஒரு பெண்ணுக்கு அதுதான் புதையல். இதைத் தெரிந்துகொண்டு படித்தால் டீச்சர் தள்ளிய பக்கங்களுக்குள்ளேதான் அவர் தேடிய காதலும் இருந்தது என்பது புரியும். ஒரு மரத்துண்டுக்கும் ஒரு நாணயத்துக்கும் இடையே எது முக்கியம் என்று அவர்கள் வாதாடும்போதுதான் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்கிறார்கள். நிலாவெளிச்சப் பக்கங்களில் இல்லை.

‘யாருக்குச் சொந்தம்’ என்ற கேள்வியை நாவல் மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போகிறது. நிஜத்தில் அது புயலைவிடப் பெரிய தொல்லை. ஃபிஷர் ஃபுளோரிடா மாநில அரசோடு வருடக்கணக்கில் வழக்காடினார். அது 1982இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அதற்குப் பிறகு, கரையோரக் கடலில் கைவிடப்பட்ட பழைய கப்பல்கள் மாநிலங்களுக்கே என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. 2001இல் யுனெஸ்கோ உடன்படிக்கை, கடலடிப் பாரம்பரியத்தைத் தோண்டி விற்பதே கூடாது என்றது. இன்னொரு வழக்கு உங்கள் வங்கிக்காரருக்குப் பிடிக்கும். 1804இல் மூழ்கிய ‘மெர்செடெஸ்’ என்ற ஸ்பானியக் கப்பலிலிருந்து ஓர் அமெரிக்க நிறுவனம் 2007இல் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட நாணயங்களை எடுத்தது. எடை சுமார் 17 டன். ஸ்பெயின் அமெரிக்க நீதிமன்றத்தில் உரிமை கோரி வென்று, 2012இல் அத்தனையையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எடுத்தவர்களுக்குச் செலவுதான் மிச்சம். ‘தி ரீஃப்’ எழுதப்பட்டது இந்த ‘மெர்செடெஸ்’ வழக்குக்கு முன்னால். இப்போது எழுதினால் வில்லனை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு வக்கீலை வைக்கலாம், இன்னும் பயமாக இருக்கும்.

நம் பக்கத்திலும் இப்படி ஒன்று உண்டு. இலங்கையின் தென்கிழக்கே கிரேட் பாசஸ் என்றொரு பாறைத்திட்டு இருக்கிறது. சிங்களத்தில் அதற்கு மகா ராவணன் கோட்டை என்று பெயர். 1961இல் மைக் வில்சன் என்ற முக்குளிப்பவர் அங்கே ஒரு பழைய கப்பலின் மிச்சத்தைக் கண்டார். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி அவர். அங்கே கிடைத்தவை ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்கள், சூரத்தில் அடித்தவை, நூற்றுக்கணக்கில் ஒன்றாக ஒட்டிக் கட்டிகட்டியாக. இதை வைத்து யாராவது தமிழில் ஒரு காதல் திகில் நாவல் எழுதினால் நான் முதல் ஆளாக வாங்குவேன். வில்லன் மட்டும் வேண்டாம்.

கூச்சத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பிடித்திருந்தது என்று சொல்லிவிட்டு, எந்த இடத்தில் பிடித்தது என்றும் சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.

கடைசியாக அந்தக் கல்லூரி மாணவி. இத்தனை கருத்துகளில் நாவலைப் பற்றிய சரியான விமர்சனம் அவளுடையதுதான். மாத்யூவின் மாமா பக் சுறாவிடம் காலை இழக்கிறார். கண்டெடுத்த புதையல் வில்லன் கைக்குப் போகிறது. கையில் பணம் இல்லை. டேட் படிக்கப் போகாமல் தன்னோடு நின்றுவிடுவாள் என்று பயந்து, அவள் மேல் தனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது போல நடித்து அனுப்பிவிடுகிறான். இதைத் தியாகம் என்று நாவல் நம்புகிறது. நாமும் இதே தியாகத்தை எத்தனையோ படங்களில் கைதட்டிப் பார்த்தவர்கள், அதனால் வட்டத்தில் மற்றவர்களுக்கு இது உறுத்தவில்லை போலிருக்கிறது.

ஆனால் முதல் பகுதி முழுக்க அந்தப் பெண் என்ன சொல்லிக்கொண்டிருந்தாள்? ஒரு பொருளை எடுப்பதற்கு முன்னால் அது இருக்கிற இடத்தைக் கேள், பதிவு செய், அப்புறம் தொடு என்று. அவனோ அவளுடைய எட்டு வருடத்தை அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொள்கிறான். இரண்டாம் பகுதியில் அவர்கள் மறுபடி சந்திக்கும்போது இந்தக் கணக்கைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும். அவள் கோபப்படுகிறாள், உண்மை. ஆனால் அது நெஞ்சு உடைந்த பெண்ணின் கோபமாகவே எழுதப்பட்டிருக்கிறது. முதல் பகுதியில் வரைபடத்தாளோடு அவனை எதிர்த்து நின்றவளின் கோபமாக இல்லை. அங்கேதான் புதையல் வேறு, காதல் வேறு என்று நாவல் இரண்டாகப் பிளக்கிறது. வங்கிக்காரருக்குக் காதல் குறுக்கே வந்ததாகத் தோன்றியதும் பெரும்பாலும் அந்த இடத்திலிருந்துதான் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

அந்த மாணவி விரும்பினால் தன் கருத்தை விரிவாக எழுதி அனுப்பட்டும், இங்கேயே போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா