ஆலையில் விலை இறங்கினால் கடையிலும் இறங்குமா?

கேள்வி: வாஷிங் மெஷின் வாங்கலாம் என்று இருக்கிறேன். உற்பத்தியாளர் விலைக் குறியீடு சில மாதங்களாக இறங்கி வருவதாகச் செய்தியில் சொல்கிறார்கள். பொறுத்திருந்தால் கடையிலும் விலை குறையுமா?

பதில்: அந்தச் செய்தியை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

உற்பத்தியாளர் குறியீடு பார்ப்பது, சரக்கை விற்கும்போது ஆலைக்காரர் கைக்கு வரும் விலையை. நுகர்வோர் குறியீடு பார்ப்பது, நீங்கள் பில்லில் கட்டும் விலையை. நடுவில் லாரி வாடகை, கிடங்கு, கடை ஊழியர் சம்பளம், லாபம், வரி எல்லாம் ஏறிக்கொள்கின்றன. மெஷினின் விலையை 100 பங்காக வைத்துக்கொள்வோம். அதில் உருக்குக்கு 12 பங்கு என்றால், உருக்கு விலை கால்வாசி சரிந்தாலும் உங்களுக்கு மிச்சமாவது 3 பங்குதான். அதுவும் வழியில் யாரும் எடுத்துக்கொள்ளாமல் இருந்தால்!

பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். பெட்ரோல் விலையை ஆராய்ந்த ராபர்ட் பேக்கன் 1991-இல் இதை 'ராக்கெட்டும் இறகும்' என்றார். செலவு கூடினால் விலை ராக்கெட் மாதிரி பாய்கிறது; குறைந்தால் இறகு மாதிரி ஆடி ஆடி இறங்குகிறது. கேட்டால், பழைய விலைக்கு எடுத்த சரக்கு இன்னும் தீரவில்லை என்பார்கள். சில நேரம் அது உண்மையும்கூட.

ஜெர்மனியைப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் அங்கே உற்பத்தியாளர் விலை ஓராண்டில் 45.8% எகிறியது, மின்சாரமும் எரிவாயுவும்தான் முக்கியக் காரணம். நுகர்வோர் விலையேற்றமோ ஒற்றை இலக்கத்தில் நின்றது. 2023 செப்டம்பரில் கதை தலைகீழ்: உற்பத்தியாளர் விலை முந்தைய ஆண்டைவிட 14.7% குறைவு, நுகர்வோர் விலை 4.5% கூடுதல்.

அதனால் மொத்தக் குறியீட்டை விட்டுவிட்டு, அதற்குள் வீட்டு உபயோகப் பொருட்களுக்கான தனி எண்ணைத் தேடிப் பாருங்கள். எரிபொருள் மலிந்ததால் மட்டும் மொத்த எண் இறங்கியிருக்கலாம். இன்னொன்று, குறைந்தது விலையா, விலை ஏறும் வேகமா? செய்திகளில் இந்த இரண்டும் அடிக்கடி குழம்பிப்போகும். வேகம் குறைந்தால் விலை இன்னமும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

நீங்கள் வாங்கப்போவது இறக்குமதி மெஷினா? அப்படியென்றால் உள்நாட்டு உற்பத்தியாளர் குறியீட்டில் அது பெரும்பாலும் இருக்கவே இருக்காது. நாணய மாற்று விகிதத்தைக் கவனியுங்கள்.

பழைய மெஷின் இன்னும் ஓடுகிறது என்றால், சரி, பொறுங்கள். ஆனால் குறியீட்டுக்காக வேண்டாம். புது மாடல் வந்ததும் கடைக்காரர் பழைய மாடலைத் தள்ளிவிடப் பார்ப்பாரே, அந்தத் தள்ளுபடிக்காக.