பயறில் அடுப்புச் சாம்பல் கலந்து வைத்தால் வண்டு விழாது என்கிறார்களே, உண்மையா? அறிவியல் காரணம் ஏதும் உண்டா?

உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் ஒரு டின் தட்டைப்பயறைக் கோழிக்குக் கொட்டியவன் நான். அதனால்தான் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

உங்கள் வீட்டில் யாரோ பெரியவர் சாம்பலைக் கலக்கச் சொல்லியிருப்பார், நீங்கள் முகம் சுளித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அந்தப் பெரியவர் அப்பாயி. வேலிக்கருவை விறகு எரிந்த சாம்பலை ஆறவிட்டு, மாவுச் சல்லடையில் சலித்து, மூன்று நாள் வெயிலில் காய்ந்த பயறோடு புரட்டிப் பானையில் கொட்டி வாயைத் துணியால் கட்டிவிடுவார். ஏன் அப்பாயி என்றால், "வண்டு கண்ணுல சாம்பல் விழுந்து குருடாயிடும்டா, அப்புறம் எங்க போயி முட்டை வைக்கும்?" என்பார். காரணம் தப்பு, வேலை சரி.

போவது கண் இல்லை, மெழுகு. பூச்சியின் ஓட்டுக்கு மேலே ஒரு மைக்ரான்கூட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வராத மெழுகுப் பூச்சு இருக்கிறது. அதில் பெரும்பங்கு ஹைட்ரோகார்பன்கள்: இருபது முதல் நாற்பது கார்பன் வரை சங்கிலியாகக் கோத்த மூலக்கூறுகள். மெழுகுவர்த்தியில் இருக்கும் பாரஃபினும் இதே குடும்பம்தான். ஈனோசைட் என்ற செல்கள் இரட்டைப்படைக் கார்பன் கொண்ட கொழுப்பு அமிலத்தை நீட்டி, கடைசியில் ஒரு கார்பனைக் கழற்றி இதைச் செய்கின்றன. அதனால்தான் 25, 27, 29 என்று ஒற்றைப்படைச் சங்கிலிகள் அதிகம். நேரான சங்கிலிகள் தீப்பெட்டிக் குச்சிபோல நெருங்கி அடுக்கிக்கொள்ளும், தண்ணீர் கசியாது. நடுவில் ஒரு கிளையோ இரட்டைப் பிணைப்போ வந்தால் அடுக்கு இளகும். 27 கார்பன் நேர்ச்சங்கிலி உருக 59 டிகிரி வேண்டும், கிளை உள்ளது அதற்கு முன்பே உருகிவிடும். பூச்சியின் மேல் இரண்டும் கலந்துதான் இருக்கும்.

அவ்வளவு சின்ன உடம்புக்கு இந்தப் பூச்சு இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் கருவாடுதான். அதிலும் பானைக்குள் இருக்கும் பயறு வண்டு, வளர்ந்த பிறகு எதையும் தின்பதில்லை, குடிப்பதில்லை. பயறுக்குள் புழுவாக இருந்தபோது சேர்த்த ஈரம்தான் அதன் மொத்தச் சொத்து. சாம்பலின் நுண்துகள் மெழுகைச் சுரண்டும், உறிஞ்சும், சொத்து ஆவியாகிவிடும். விஷமே கிடையாது, வண்டு காய்ந்து சாகிறது.

"முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை" குழுவினர் இத்தோடு நிறுத்தி ஃபார்வர்ட் செய்துவிட வேண்டாம். இதைச் சோதித்துக் காட்டியவர் வின்சென்ட் விகிள்ஸ்வொர்த், இங்கிலாந்துப் பூச்சியியல் அறிஞர், 1945இல். ரத்தம் குடிக்கும் ரோட்னியஸ் என்ற பூச்சியின் மேல் நுண்தூளைத் தேய்த்தார். உலர்ந்த காற்றில் அவை நீரிழந்து செத்தன. ஈரக்காற்றில் வைத்தவை சாகவில்லை, கெட்ட இடத்தில் மறுபடி மெழுகைச் சுரந்து பூசிக்கொண்டன.

என் பயறு போனது இந்த இடத்தில்தான். அப்பாயி இறந்த வருஷம், விலங்கியல் முதுகலை முடித்த மிதப்பில் பயறு வைக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். கார்த்திகை அடைமழை. பயறு சரியாகக் காயவில்லை. மெழுகை எடுப்பது சாம்பல்தானே, வெயில் எதற்கு என்று அப்படியே கலந்து டின்னில் அடைத்தேன். ஒரு மாதம் கழித்து மூடியைத் திறந்தால் உள்ளே சரசரவென்று சத்தம். ஒவ்வொரு பயறிலும் ஊசித் துளையில்லை, வட்டமாக ஜன்னல் வெட்டியதுபோல ஓட்டை. மேலே வண்டுகள் திருநீறு பூசிய சாமியார்கள் மாதிரி உலாவின. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, முறத்தை மட்டும் எடுத்து என் கையில் கொடுத்தார்.

டின்னுக்குள் ஈரம், அதனால் வண்டு காயவில்லை. இன்னொன்று, வயலிலேயே முட்டை விழுந்து புழு உள்ளே போயிருக்கும். பயறுக்குள் இருக்கும் புழுவைச் சாம்பல் தொடவே முடியாது. அப்பாயியின் மூன்று வெயில்தான் பாதி வைத்தியம்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். முதுகலையில் என் ப்ராஜெக்ட் இதே வண்டின் மெழுகுதான். வண்டை ஹெக்சேன் என்ற கரைப்பானில் சில நிமிடம் முக்கினால் மெழுகு கரைந்து வந்துவிடும், அதைக் கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற கருவியில் ஏற்றிப் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு பொருளும் வரைபடத்தில் ஒரு உச்சியாக வரும். கண்ணாடிக் குப்பி கேட்டேன், பட்ஜெட் இல்லை, பிளாஸ்டிக் குழாய் போதும் என்றார்கள். கைக்காசு கட்டி வெளியே ஓட்டி வாங்கிய வரைபடத்தில் பெரிய உச்சிகள் எல்லாம் தாலேட், அதாவது பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் சரக்கு. ஹெக்சேன் குழாயையும் சேர்த்துக் கரைத்திருந்தது. வண்டு எங்கோ ஓரத்தில் மூன்று குட்டி உச்சியாகத் தெரிந்தது. வைவா என்ற வாய்மொழித் தேர்வில், "மாதிரியைக் கவனமாகக் கையாளவில்லை" என்று மதிப்பெண் குறைந்தது எனக்கு. குழாயைக் கொடுத்தவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை.

எனக்குக் கிடைக்காதது ஜப்பானியர்களுக்குக் கிடைத்தது. பயறு வண்டில் ஒரு இனத்தில், ஆண் பெண்ணைத் தொட்டு அறிந்து புணர வைக்கும் கலவையில் இந்த ஹைட்ரோகார்பன்களும் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். எறும்பும் தன் புற்றுக்காரியை மீசையால் தடவி அறிவது இதே மெழுகை வைத்துத்தான். மழைக்கோட்டே அடையாள அட்டையும்.

சரி, உங்கள் பயறுக்கு வருகிறேன். வேளாண்மை படித்தவர்கள் சண்டைக்கு வரலாம்: சாம்பல் நிறையப் போட வேண்டும், பயறுகளுக்கு இடையே உள்ள சந்துகளை அடைத்து வண்டை நகரவிடாமல் செய்வதும் ஒரு காரணம் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். விதைப்பயறு என்றால் 100 கிலோவுக்கு 1 கிலோ கிளர்வூட்டிய களிமண் (உறிஞ்சும் திறனைக் கூட்டிய மண் தூள்) கலக்கச் சொல்வதும் உண்டு, அதுவும் இந்த வழிதான். சமையலுக்கு என்றால், முதலில் ஒரு கைப்பிடி அள்ளி வெளிச்சத்தில் பாருங்கள். தோலில் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை, இனிச் சாம்பல் வீண். கொஞ்சம்தான் என்றால் ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். புள்ளி இல்லையென்றால் கடித்தால் கடக்கென்று உடையும் வரை காயவைத்து, ஆறியபின் சலித்த சாம்பலைப் புரட்டி வையுங்கள், எடுக்கும்போது கழுவிக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் இப்போது கேஸ் அடுப்பு. தை பிறந்ததும் விறகடுப்பு வைத்திருக்கும் டீக்கடையில் ஒரு பை சாம்பல் சொல்லி வைத்துவிடுவேன். பாத்திரம் தேய்க்கவா என்று கடைக்காரர் கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.