திறப்பு விழாவுக்கு மறுவருஷம்

அன்புள்ள அண்ணனுக்கு,

பாலக்கோடு பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு வருஷமாக ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். உங்களைப் போல தொண்டு நிறுவனங்கள், நன்கொடைகள் பற்றியே எழுத ஆசை. போன மாதம், ஒரு கம்பெனி பள்ளிக்குக் கட்டிக்கொடுத்த கழிப்பறை ஆறே மாதத்தில் பூட்டிக் கிடப்பதை எழுதினேன். "நல்லது செய்ய வர்றவங்களை இப்படி விரட்டினா இனி யார் கொடுப்பாங்க?" என்று ஊர்க்காரர்களே சண்டைக்கு வருகிறார்கள். கொடுப்பவர்களைக் குறை எழுதுவது தப்பா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

தப்பே இல்லை. ஆனால் உங்கள் செய்தியைப் படித்தேன். பூட்டைப் படம் எடுத்திருக்கிறீர்கள். அது ஏன் விழுந்தது என்று எழுதவில்லை. ஊர்க்காரர்களின் கோபம் அங்கிருந்துதான் வந்திருக்கும்.

எனக்கும் இப்படி ஒன்று நடந்தது. பென்னாகரம் பக்கம் ஒரு ஊர். பாறைக்குள் ஆழமாகப் போட்ட போர் தண்ணீரில் ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் எல்லை. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்லில் காவி ஏறிவிடும், பெரியவர்களுக்கு மூட்டு மடங்காது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். அந்த ஊருக்கு ஒரு நிறுவனம் ஆர்.ஓ. குடிநீர்க் கூடம் கொடுத்தது. திறப்பு விழாவுக்குப் போய் மனசார நாலு பத்தி பாராட்டி எழுதினேன்.

மறுவருஷம் ஒரு துக்க வீட்டுக்காக அதே ஊருக்குப் போனேன். கூடத்தின் கதவில் பூட்டு. குழாய்க்குக் கீழே சிமெண்டு மேடையில் உப்பு வெள்ளையாகப் படிந்து காய்ந்திருந்தது. பக்கத்து அடிபம்பில் ஒரு பாட்டி குடத்தை வைத்துவிட்டு, "அது நின்னு போய் நாலு மாசமாச்சு சாமி" என்றார். விசாரித்தேன். உப்புத் தண்ணீரில் மெம்பரேன், அதாவது தண்ணீரை வடிகட்டும் சவ்வு, அடைத்துக்கொண்டது. புதுசு வாங்கவும் கரண்டு பில் கட்டவும் காசு எங்கிருந்து என்று யாரும் பேசி வைக்கவில்லை. ஊராட்சி கம்பெனியைக் கைகாட்டியது. கம்பெனி "அப்போதே ஒப்படைத்துவிட்டோம்" என்றது. "மெம்பரேன் போனால் யார் மாற்றுவது?" என்ற கேள்வியை விழா அன்றே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது இன்றைக்கும் உறுத்துகிறது.

நாம் போகாவிட்டால் வேறு யாரும் போக மாட்டார்கள் என்பதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. கம்பெனிச் சட்டப்படி 2014 ஏப்ரல் முதல் பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பலன் கிடைத்ததா என்று வெளியாளை வைத்து மதிப்பிடும் கட்டாயம் 2021-ல்தான் வந்தது. அதுவும் இந்தக் கணக்கில் ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ செலவிட வேண்டிய கம்பெனிகளின், 1 கோடியும் அதற்கு மேலும் ஆன திட்டங்களுக்கு மட்டும். சில லட்சத்தில் முடியும் குடிநீர்க் கூடமும் பள்ளிக் கழிப்பறையும் அந்தக் கணக்கில் வராது. அவற்றைத் திரும்பப் போய்ப் பார்க்க உள்ளூர் நிருபரை விட்டால் ஆளில்லை.

அப்புறம் இன்னொன்று. நன்கொடை தருபவர்கள் முதலில் கேட்பது "சம்பளத்துக்கு எவ்வளவு போகுது?" என்பதுதான். சம்பளம் என்றாலே திருட்டு போலப் பேசுகிறார்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-ல் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தபோது நம் பக்கத்துச் சின்ன அமைப்புகள் தவித்ததைப் பார்த்தேன். அரூர் வழியாக சிட்லிங்கிக்கு ஒருமுறை போய் வாருங்கள். ரெஜி, லலிதா என்ற மருத்துவத் தம்பதி 1993-ல் ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கிய இடம். அந்த மலைக்கிராமப் பெண்களையே நர்சுகளாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பழக்கியதுதான் அங்கே நடந்த பெரிய புதுமை என்பேன். படம் பிடித்துப் போட அதில் பளபளப்பான கருவி கிடையாது. அந்தப் பெண்களுக்குத் தரும் சம்பளத்தையும் நன்கொடை தருபவர்கள் வீண் செலவு என்று வெட்டினால் மிச்சம் கட்டடம்தான் நிற்கும்.

யார் கொடுப்பார்கள் என்ற பயத்துக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். அந்தக் குடிநீர்க் கூடம் பற்றி, மெம்பரேன் விலை, மாதக் கரண்டு பில், ஆபரேட்டர் கூலி மூன்றையும் போட்டு மறுபடி எழுதினேன். முதலில் கோபப்பட்ட அதே கம்பெனிக்காரர் இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டு, "இந்தக் கணக்கை எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை" என்றார். அடுத்த ஊரில் கூடம் வைத்தபோது பராமரிப்புக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கினார்கள்.

சரி, நீங்கள் அந்தப் பள்ளிக்கு இன்னொரு முறை போங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் இருக்கிறதா, கழுவுகிறவருக்கு மாதம் எவ்வளவு, யார் தருகிறார்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகளிடம் ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுங்கள். கம்பெனியிடமும் பதில் வாங்குங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், அச்சுக்குப் போகும் முன் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்
தருமபுரி