எந்தக் கிலோவிலிருந்து எண்ணுகிறீர்கள்?

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு 38 வயது. முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். பீடி சுற்றுகிறேன். போன வருஷம் அம்மா தவறியதிலிருந்து தூக்கம் போச்சு, சோறு இறங்கவில்லை. சுளவை மடியில் வைத்துக்கொண்டு இலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பேன். அம்மா இருந்தபோது 55 கிலோ இருந்தவள் 47-க்கு வந்துவிட்டேன். ஒரு மனநல டாக்டர் மிர்டாசபின் என்கிற மனச்சோர்வு மாத்திரை 15 மில்லிகிராம் இரவுக்கு எழுதித் தந்தார். ஏழு மாதமாகப் போடுகிறேன். இப்போது தூங்குகிறேன், வேலை ஓடுகிறது. ஆனால் 61 கிலோ ஆகிவிட்டேன். 14 கிலோ! ராத்திரி பதினொரு மணிக்குப் பசி வந்து மிச்சச் சோற்றில் மோரை ஊற்றிச் சாப்பிடுகிறேன். கல்யாண வீட்டில் மதினி எல்லார் முன்னாலும், "ஏட்டி, மாத்திர உன்ன ஊத வச்சிட்டு, தூக்கிப் போடு" என்றாள். டாக்டரிடம் சொன்னால், "அப்படித்தான் இருக்கும்" என்கிறார். என் உயரம் 152 சென்டிமீட்டர். நிறுத்திவிடலாமா?

பதில்: தங்கச்சி, நீங்களாக நிறுத்தாதீர்கள். எடை கூடியதற்கு வழி இருக்கிறது, சொல்கிறேன்.

முதலில் கணக்கைச் சரிபார்ப்போம். 47-லிருந்து எண்ணுவதால்தான் 14 கிலோ வருகிறது. அந்த 47 உங்கள் எடையே இல்லை, நோய் தின்றது போக மிஞ்சியது. 55 வரைக்கும் வந்த 8 கிலோ, உடம்பு தன்னுடையதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அம்மா இருந்த காலத்தில் தைத்த ஜாக்கெட் ஒன்று பெட்டியில் இருக்கும். அதை எடுத்துப் போட்டுப் பாருங்கள், எவ்வளவு பிடிக்கிறது என்று தெரியும். அதற்கு மேல் ஏறிய 6 கிலோதான் நாம் பேச வேண்டியது. அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். நம் நாட்டு உடல்வாகுக்கு, 152 சென்டிமீட்டர் உயரத்தில் 53 கிலோவுக்குள் இருப்பது நல்லது. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். நாள் முழுக்கச் சம்மணமிட்டு உட்கார்ந்து செய்கிற தொழில் வேறு. முட்டியும் சர்க்கரையும் பின்னால் வந்து கணக்குக் கேட்கும்.

பசி ஏன் இப்படி வருகிறது? சளிக்கு அவில் போட்டால் கண்ணைச் சொக்குமே, அதே வேலையைத்தான் இந்த மாத்திரையும் மூளையில் செய்கிறது. ஹிஸ்டமின் என்ற பொருளின் வாசலை அடைக்கிறது. அதனால் தூக்கம் வருகிறது. கூடவே செரட்டோனின் வாசல் ஒன்றையும் அடைப்பதால் 'போதும்' என்கிற உணர்வு குறைந்து பசி கிளம்புகிறது. சாப்பிடாத பிள்ளைகளுக்குப் பசிக்கென்று ஊற்றும் சிரப் ஒன்று உண்டு, சைப்ரோஹெப்டடின். அதுவும் இதே இரண்டு வாசல்களில்தான் போய் நிற்கும். ஆகவே நடு ராத்திரியில் சோற்றுப் பானையைத் தேடிப் போவது உங்கள் வாய்க் கட்டுப்பாடு கெட்டதால் அல்ல. மதினி திரும்பக் கேட்டால் இதைச் சொல்லுங்கள். தூக்கமும் சோறும் இல்லாமல் வந்த உங்களுக்கு இந்த மாத்திரையை எழுதிய டாக்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். "அப்படித்தான் இருக்கும்" என்று விட்டதுதான் தவறு.

அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். இருபது வருஷத்துக்கு முன்பு ஓர் ஆசிரியை மனச்சோர்வுக்கு அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையைச் சாப்பிட்டுவந்தார். இரண்டு தடவை எடை கூடுவதைப் பற்றிச் சொன்னார். "நிம்மதி முக்கியமா, எடை முக்கியமா?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன். அவர் அதற்கப்புறம் எதுவும் சொல்லவில்லை, மாத்திரையை விட்டுவிட்டார். ஒரு மழைநாளில் அவருடைய அண்ணன் ஆட்டோவிலிருந்து கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டிவந்தார். ஜாக்கெட்டை இரண்டு பக்கமும் ஊக்கு குத்திப் பிடித்திருந்தார்கள், அவ்வளவு மெலிவு. என் முகத்தைப் பார்க்கவே இல்லை. திரும்ப எழுந்திருக்க அவருக்கு எட்டு மாதம் ஆனது. அந்த வாரமே ஓர் எடை மெஷின் வாங்கி அறை வாசலில் வைத்தேன். இன்றைக்கும் என்னிடம் வருகிறவர்களின் எடையைக் குறித்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குகிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். அதே டாக்டரிடம் போங்கள். 55, 47, 61 என்ற மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். "எடை கூடுது" என்று வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும், தாள் மேஜையில் கிடக்கும். தைராய்டுக்கு டி.எஸ்.எச்., காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை, இரண்டும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எடை கூடும், சோர்வு வரும், மனசும் கனக்கும். எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போட்டுவிட்டு அதைக் கவனிக்காமல் விடக் கூடாது.

மாத்திரையை மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். இந்த வகை மாத்திரைகள் எல்லாம் ஒரே மாதிரி எடை போட வைப்பதில்லை. அமெரிக்காவில் 2024-ல் வெளியான ஓர் ஆய்வில் 1 லட்சத்து 83 ஆயிரம் பேருக்கு மேல் பார்த்தார்கள். எஸ்சிடலோபிராம், பராக்சிடின் எடுத்தவர்களுக்கு, செர்ட்ராலின் எடுத்தவர்களைவிட ஆறு மாதத்தில் கூடுதலாக ஏறியது சராசரியாக அரைக் கிலோகூட இல்லை. புப்ரோபியான் எடுத்தவர்களுக்குச் செர்ட்ராலினைவிடக் கொஞ்சம் குறைவு. மிர்டாசபின் அந்தப் பட்டியலில் இல்லை, அதன் பசி தனி ரகம். புப்ரோபியானை வலிப்பு வந்தவர்களுக்குக் கொடுக்க மாட்டோம், சிலருக்கு அது தூக்கத்தையும் கெடுக்கும். எது உங்களுக்குப் பொருந்தும் என்று நேரில் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும். மாற்றுவதானாலும் ஒரே நாளில் இல்லை, ஒன்றைக் குறைத்துக்கொண்டே இன்னொன்றைக் கூட்டுவார்கள். சட்டென்று விட்டால் தலைசுற்றல், குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை வரலாம். அது அடங்கிய பிறகு, சில வாரமோ சில மாதமோ கழித்து, பழைய நோயே திரும்பி வரலாம். முழுசாகக் குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும் என்பது பொதுவான விதி. உங்கள் ஏழு மாதத்தில் நன்றாக இருந்த மாதங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

அதுவரை வீட்டில் ஒன்றிரண்டு செய்யுங்கள். டாக்டர் வேறு நேரம் குறிக்கவில்லை என்றால், மாத்திரையைப் பாயை விரித்த பிறகு போடுங்கள். போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் தூக்கத்துக்கு முன் பசி வந்து நிற்கும். ராத்திரிச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள், அதில் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் பாசிப்பயறோ இருக்கட்டும். சுளவு மடியில் இருக்கும்போது எத்தனை டீ குடிக்கிறீர்கள்? நாலு டீ, தலைக்கு இரண்டு கரண்டி சீனி என்றால் ஒரு நாளைக்கு 40 கிராம் சீனி. கருப்பட்டிக்கு மாறினாலும் கணக்கு பெரிதாக மாறாது. சீனியைப் பாதியாக்குங்கள், இந்த மாதத்துக்கு அது போதும். காலையில் இலை வெட்ட உட்காருவதற்கு முன் ஆற்றங்கரை வரை அரை மணி நேரம் நடங்கள். வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே மெஷினில், வெறும் வயிற்றில் எடை பாருங்கள். தினமும் வேண்டாம், மனசுதான் வாடும்.

நடுவில் மனசு ரொம்பக் கீழே போனால், சாகலாம் போல ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தால், 14416-க்குப் போன் பண்ணுங்கள். டெலி மானஸ், இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

கேள்வி: எனக்கு 45 வயது. களக்காட்டில் வாழை போட்டிருக்கிறேன். இரண்டு மாதமாக ஃப்ளூவாக்ஸடின் 20 மில்லிகிராம் எடுக்கிறேன். மனசு தேவலை, ஆனால் 3 கிலோ குறைந்துவிட்டேன். மாத்திரை உருக்குகிறதா?

பதில்: அண்ணாச்சி, ஃப்ளூவாக்ஸடின் ஆரம்பத்தில் பசியை மந்தமாக்கும். பலருக்குச் சில மாதத்தில் எடை பழையபடி திரும்பிவிடும். ஆனாலும் மாத்திரை என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். தாகம் அதிகமா, ராத்திரியில் அடிக்கடி ஒன்றுக்குப் போகிறீர்களா? சர்க்கரை பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ சாயங்காலக் காய்ச்சலோ இருந்தால் காசநோயா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், காசு கிடையாது. இவை எதுவும் இல்லாமல் அடுத்த மாதமும் எடை இறங்கினால் மருந்து தந்த டாக்டரைப் பாருங்கள். தோட்டத்துக்குப் போகும்முன் காலைச் சாப்பாட்டை மட்டும் விடாதீர்கள், பசி எடுக்காவிட்டாலும் நாலு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.