நாற்பது வயதில் மறுபடி கல்லூரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வயது 41. இத்தனை வருடமும் கணக்கு எழுதும் வேலை. செயற்கைக் கை, கால் செய்து பொருத்தும் துறைக்கு மாற விரும்புகிறேன். விண்ணப்பிக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் ஒரு பொருத்தும் மையத்தில் இரண்டு மூன்று நாள் கூடவே இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். புதுக் காலோடு ஒருவர் எடுத்து வைக்கும் முதல் அடிதான் பலருக்கும் மனத்தில் இருக்கிறது. அந்த அடிக்கு முன்னால் நிறைய வேலை உண்டு. எஞ்சிய காலில் பிளாஸ்டர் துணி சுற்றி அச்சு எடுக்க வேண்டும். அதில் பிளாஸ்டர் ஊற்றி உருவம் வார்க்க வேண்டும். எலும்பு உறுத்தும் இடங்களில் பூசி உயர்த்தி, எடை தாங்கும் இடங்களில் சுரண்டி அந்த உருவத்தைத் திருத்த வேண்டும். அதன்மேல் சாக்கெட், அதாவது எஞ்சிய கால் உள்ளே உட்காரும் உறை, செய்து, நடக்கவிட்டுப் பார்த்து, பாதத்தின் கோணத்தை மாற்றி மறுபடி நடக்கவிட வேண்டும். பல மையங்களுக்கு ஸ்கேனர் வந்துவிட்டது. ஆனாலும் எங்கே அழுத்தலாம், எங்கே கூடாது என்பதை விரலால் தொட்டுத்தான் கற்க முடியும். பிளாஸ்டர் தூசியும் ரெசின் வாடையும் தினமும் இருக்கும். ஆஸ்துமாவோ தோல் ஒவ்வாமையோ இருந்தால், பணம் கட்டும் முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

அடுத்தது, படிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பது. 1970-இல் தொடங்கிய ஐஎஸ்பிஓ என்ற சர்வதேச அமைப்பு இத்துறைப் படிப்புகளை ஆய்ந்து அங்கீகாரம் தருகிறது. உலக சுகாதார நிறுவனமும் 2017-இல் இத்துறைக்கான தரநிலைகளை வெளியிட்டது. நோயாளியைப் பரிசோதித்து, வடிவமைத்து, பொருத்துகிறவர் ஒரு நிலை. அதற்கு அடுத்தது இணை நிலை. பட்டறையில் செய்து தரும் தொழில்நுட்பர் மூன்றாவது நிலை. பட்டறை நிலைப் படிப்பில் சேர்ந்துவிட்டு நோயாளிகளைப் பார்க்கும் வேலைக்குக் காத்திருந்து ஏமாறுகிறவர்கள் உண்டு. இந்தப் படிப்பு எந்த நிலை, நீங்கள் வேலை செய்யப்போகும் நாட்டில் பதிவுக்கு அது போதுமா, மருத்துவமனைப் பயிற்சி எத்தனை மணி நேரம், அதற்கு இடம் பிடித்துத் தருவது யார் என்பவற்றைக் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வேலையை எப்போது விடுவது என்பதையும் அந்தப் பயிற்சிதான் தீர்மானிக்கும். தொடக்கப் பாடங்களைச் சில இடங்களில் பகுதிநேரமாக முடிக்கலாம். பயிற்சிக் காலத்தில் அது நடக்காது, ஏனென்றால் நோயாளிகள் வருவது பகலில். சம்பளமில்லாத மாதங்கள் எவை என்று பாட அட்டவணையைப் பார்த்துக் குறித்து, அந்த மாதங்களுக்கான சேமிப்பைத் தனியாக ஒதுக்குங்கள்.

கேள்வி: இருபது வருடத்துக்கு முன் பாதியில் விட்ட பட்டப்படிப்பு இருக்கிறது. அந்தப் பாடங்கள் கணக்கில் சேருமா?

பதில்: சேர வாய்ப்பு உண்டு. மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. நீங்கள் படித்த ஆண்டின் பாடத்திட்டத்தையும் பழைய கல்லூரியிலிருந்து கேட்டு வாங்குங்கள். பாடத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளடக்கம், மணி நேரம், செய்முறை எல்லாவற்றையும் ஒப்பிட்டுத்தான் முடிவெடுப்பார்கள். மொழி, வரலாறு போன்றவை எளிதாக ஏற்கப்படும். உடற்கூறியல், கணினி போன்றவற்றுக்குக் காலக்கெடு வைத்திருக்கும் கல்லூரிகள் பல. முடிவை எழுத்தில் வாங்கிய பிறகே கட்டணம் கட்டுங்கள். இன்னொன்று: அடுத்த பாடங்களுக்கு அடித்தளமான ஒன்றுக்கு விலக்கு கிடைத்தாலும், அதை மறுபடி படிப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

கேள்வி: கணிதம் சுத்தமாக மறந்துவிட்டது. புத்தகத்தை மூன்று முறை படித்தும் நிற்கவில்லை. மூளை மங்கிவிட்டதா?

பதில்: இல்லை. படிக்கும் முறைதான் கைகொடுக்கவில்லை. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 விழுக்காடு. ஒருமுறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து மூன்று முறை எழுதிப் பார்த்தவர்களுக்கோ சுமார் 61. கல்லூரி வயது மாணவர்களுக்கே மறுவாசிப்பு இவ்வளவுதான் உதவியது.

கணிதத்துக்கு முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். பழைய நுழைவுத் தேர்வுத் தாள் ஒன்றை எடுத்துப் போட்டுப் பாருங்கள். எந்த வரியில் சிக்குகிறதோ அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள். கடினமான அத்தியாயத்தில் தவறுகிறோம் என்று தோன்றும். பெரும்பாலும் பிழை பின்னங்களிலோ, விகிதத்திலோ, சமன்பாட்டில் ஓர் உறுப்பைப் பக்கம் மாற்றுவதிலோ இருக்கும். தவறிய கணக்கை மறுநாளும், நான்கு நாள் கழித்தும் விடையைப் பார்க்காமல் மறுபடி போடுங்கள். ஞாயிறன்று ஐந்து மணி நேரம் உட்காருவதைவிடத் தினம் நாற்பது நிமிடம் நிலைக்கும்.

கேள்வி: 46 வயதுப் பெண் நான். வெல்டிங் படிப்பில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. சின்னப் பிள்ளைகள் போடும் வெல்டு நேராக வருகிறது, என்னுடையது கோணுகிறது. இந்த வயதில் கை வசப்படாதா?

பதில்: கையைக் குறை சொல்லும் முன் கண்ணைச் சோதியுங்கள். நாற்பதுக்கு மேல் கண்ணின் லென்ஸ் இறுகி, கிட்டத்தில் உள்ளது மங்கும். உருகும் உலோகக் குழம்பைக் கைக்கெட்டும் தூரத்தில், அதுவும் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறீர்கள். குழம்பின் விளிம்பு தெரியாவிட்டால் வெல்டு கோணத்தான் செய்யும். இருபார்வைக் கண்ணாடி போட்டிருந்தால் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கத் தலையைத் தூக்குவீர்கள். உடனே ஹெல்மெட்டின் ஜன்னல் விலகிவிடும். இதற்கென்றே ஹெல்மெட்டின் உள்பக்கம், கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் செருகும் உருப்பெருக்கி லென்ஸ் கிடைக்கிறது. +1 பவரில் தொடங்கிப் பார்த்து, தெளிவு போதாவிட்டால் படிப்படியாக ஏற்றுங்கள். கறுப்புக் கண்ணாடிக்கு அது மாற்றாகாது.

கண்ணாடியின் கருமை எண்ணையும் பாருங்கள். 60 முதல் 160 ஆம்பியர் வரையிலான குச்சி வெல்டிங்குக்கு (மின்சாரம் பாயும் உலோகக் குச்சியை உருக்கிச் செய்வது) 10 பொருத்தம், 8-க்குக் கீழே போகவே கூடாது. தேவைக்கு மேல் கருமையாக இருந்தாலும் குழம்பு தெரியாது.

பயிற்சிக்கூடங்களில் கையுறை பெரும்பாலும் பெரிய அளவில்தான் கிடக்கும். தொளதொளத்த கையுறையோடு, குச்சியைக் கவ்வும் ஹோல்டரை இறுக்கிப் பிடித்தால் முன்கை சோர்ந்து நடுங்கும். உங்கள் அளவில் தோல் கையுறை கேட்டு வாங்குங்கள், கிடைக்காவிட்டால் சொந்தமாக வாங்குங்கள். முழங்கையை மேசையில் ஊன்றி, கேபிளின் கனம் மணிக்கட்டை இழுக்காதபடி அதைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். மின்சாரத்தைப் போடும் முன், வெறும் குச்சியோடு முழுக் கோட்டையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் கை முட்டுகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.