பலகையில் இருப்பது யாருடைய எண்?

கேள்வி: அக்கா, தென்காசி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊராட்சிக்கு நான் தலைவர். 2021 அக்டோபர் தேர்தலில் ஜெயித்தேன். ஊர் வாட்ஸ்அப் குழுவில் என் வீட்டுக்காரர் எண்தான் இருந்தது. போன மாதம் நானே சேர்ந்து, தண்ணீர்த் தொட்டி கழுவிய படத்தை ராத்திரி 9 மணிக்குப் போட்டேன். "இந்நேரத்துக்குப் பொம்பளைக்கு போன்ல என்ன சோலி" என்று ஒருவர் எழுதினார். மறுநாள் தெரியாத எண்ணிலிருந்து ஆபாசச் செய்தி வந்தது. "குரூப்ல இருந்து வெளிய வந்துரு, நான் பாத்துக்கிடுதேன்" என்கிறார் வீட்டுக்காரர். வந்துவிடட்டுமா?

பதில்: வர வேண்டாம், தங்கச்சி. உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. தொட்டி சுத்தமாகிவிட்டதா என்று யாரும் கேட்கவில்லை, மணியை மட்டும் பார்த்திருக்கிறார்கள். ஆண்கள் நடுராத்திரி வரை எழுதினாலும் அவர்களிடம் யாரும் மணி கேட்பதில்லை.

உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு 2016-இல் அதை ஐம்பது சதவீதமாக உயர்த்தியது. நாற்காலி கிடைத்துவிட்டது. ஆனால் ஊர் பேசுகிற இடம் டீக்கடையும் வாட்ஸ்அப்பும். டீக்கடை பெஞ்சில் நமக்கு இடம் கிடையாது. குழுவிலும் இல்லை என்றால், கிராம சபைக்கு நீங்கள் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிவாகியிருக்கும்.

அந்தச் செய்தியை அருவருப்பில் அழித்துவிடாதீர்கள். எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அப்புறம் பிளாக் செய்யலாம். மின்னணு வழியில் ஆபாசம் அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆவது பிரிவில் குற்றம். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். என்ன செய்வதென்று குழப்பமாக இருந்தால் பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள். குழுவில் "புகார் கொடுத்திருக்கிறேன்" என்று ஒரே வரி போதும். மறுநாள் வழக்கம்போல ஊராட்சி வேலையைப் பற்றி எழுதுங்கள்.

வீட்டுக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். உங்கள் பேர் கெட்டுவிடுமோ என்ற பயம். ஆனால் "நான் பார்த்துக்கொள்கிறேன்" எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்த்திருக்கிறேன். ஓர் ஊரில் தீர்மானப் புத்தகம் அடுப்படிக்கே வந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. தலைவரம்மா மாவு பிசைந்த கையை முந்தானையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மேலே எழுதியிருந்ததை வாசிப்பதற்குள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நாளைக்கு ஏதாவது தவறு நடந்தால், 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவில் மாவட்ட ஆட்சியர் விளக்கம் கேட்பது தலைவரிடம்தான், தலைவரின் கணவரிடம் இல்லை. இதைச் சண்டையாக இல்லாமல், ராத்திரிச் சாப்பாடு முடிந்து நிதானமாக அவரிடம் சொல்லுங்கள். பணம் விடுவிக்கிற டிஜிட்டல் கையெழுத்துக் கருவி அவர் சட்டைப் பையில் இருந்தால், வாங்கி உங்கள் பீரோவில் வையுங்கள். அவர் கூட வரட்டும், வண்டி ஓட்டட்டும். பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) முன்னால் பேசுவது நீங்களாக இருக்க வேண்டும்.

இன்னொன்று கேட்க வேண்டும். ஊராட்சி அலுவலகப் பலகையில் உங்கள் பெயருக்கு நேரே யாருடைய எண் இருக்கிறது? அவருடையது என்றால், ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முன்னால் பெயிண்டரைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள். குழாயடியில் காலிக் குடத்தோடு நிற்கிற ஒருத்தி உங்களை நேராகக் கூப்பிட முடியட்டும்.